சொல்லை ஊதும் கருவி: ஜான் கோல்ட்ரேனின் ‘எ லவ் சுப்ரீம்’ இசைத்தட்டும் அதன் ஏற்பு வரலாறும்

ஆய்வுச்சுருக்கம்

அமெரிக்க ஜாஸ் இசைக்கலைஞர் ஜான் கோல்ட்ரேன் 1964ஆம் ஆண்டு ஒலிப்பதிவு செய்து 1965இல் வெளியிட்ட ‘எ லவ் சுப்ரீம்’ இருபதாம் நூற்றாண்டின் தலைசிறந்த இசைத்தட்டுகளுள் ஒன்றாகப் போற்றப்படுகிறது. அதன் உறையில் கோல்ட்ரேன் எழுதிய கவிதையொன்று அச்சிடப்பட்டுள்ளது. இசைத்தட்டின் நான்காம் பகுதியில் சாக்சபோன் அக்கவிதையை அசை அசையாக ஓதுகிறது. உறைக்குறிப்பே இதனைச் சுட்டியிருந்தும், இசையியல் ஆய்வு இதனை விரிவாக நிறுவுவதற்கு இருபது ஆண்டுகள் ஆயின. இக்காலத் தாழ்வு எதனால் நேர்ந்தது, இடைப்பட்ட காலத்தில் விமரிசகர்கள் இப்படைப்பை எவ்வெவ்வாறு வாசித்தனர், கவிதையை இசையின் உறுப்பாகக் கொள்ளும்போது அவ்வாசிப்புகள் எவ்வாறு மாறுகின்றன ஆகியவற்றை இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: ஜாஸ், சாக்சபோன், கோல்ட்ரேன், ஏற்பு வரலாறு, உறைப்பனுவல், மனோதர்மம், ஓதுமுறை.

முன்னுரை

ஓர் இசைத்தட்டைப் பற்றிய விமரிசனம் எதனைத் தன் ஆய்வுப்பொருளாகக் கொள்ள வேண்டும்? ஒலியை மட்டும் என்பது எளிய விடை. ஆயினும் இசைத்தட்டு என்பது ஒலி மட்டுமன்று. அதன் உறை, உறையிலுள்ள குறிப்பு, பகுதிகளின் பெயர்கள், அவை வைக்கப்பட்ட வரிசை ஆகியனவும் கேட்போரிடம் ஒருங்கே வந்து சேர்கின்றன. பாட்டு இடம்பெறாத கருவியிசைத் தட்டில் இவற்றைப் புறவுறுப்புகளாகக் கருதி ஒதுக்குவது வழக்கம். ‘எ லவ் சுப்ரீம்’ அவ்வழக்கம் பொருந்தாத ஒரு படைப்பாகும். இதில் உறையிலுள்ள சொற்களே ஒரு பகுதியின் மெட்டாக அமைந்துள்ளன.

கீர்த்தனையை நாகசுவரத்திலோ குழலிலோ வாசிப்பவர் அதன் சாகித்தியத்தை மனத்துட் கொண்டு, சொற்பிரிப்புக்கு ஏற்ப வாசிப்பார் என்பது நம் இசை மரபை அறிந்தோர்க்குப் புதிதன்று. எனவே கருவி சொல்லை ஊதும் என்னும் கருத்து தமிழ் ஆய்வாளர்க்கு வியப்பளிக்காது. ஆனால் இவ்வொப்புமையைச் செல்வாக்கு எனக் கொள்ளுதல் பிழையாகும். கோல்ட்ரேனுக்கு இந்திய இசையில் ஈடுபாடு இருந்தது உண்மையே. 1961இல் ‘இந்தியா’ என்னும் பெயரில் ஓர் இசைப்படைப்பைப் பதிவு செய்தார். 1965இல் பிறந்த தம் மகனுக்கு ரவிசங்கரின் நினைவாக ரவி எனப் பெயரிட்டார். எனினும் இங்கு ஆராயப்படும் ஓதுமுறையின் வேர் அமெரிக்கக் கறுப்பினத் திருச்சபை மரபில் உள்ளது என்பது பின்னர் விளக்கப்படும்.

இசைத்தட்டின் அமைப்பு

1964 டிசம்பர் 9ஆம் நாள் மாலை, நியூ ஜெர்சி மாநிலத்தின் எங்கிள்வுட் கிளிஃப்ஸ் என்னும் ஊரில் ரூடி வான் கெல்டரின் ஒலிப்பதிவுக் கூடத்தில் இப்படைப்பு பதிவு செய்யப்பட்டது. டெனார் சாக்சபோனை கோல்ட்ரேனும், பியானோவை மெக்காய் டைனரும், பாஸ் கருவியை ஜிம்மி காரிசனும், டிரம்ஸை எல்வின் ஜோன்ஸும் இசைத்தனர். இம்பல்ஸ் நிறுவனத்துக்காக பாப் தீல் இதனைத் தயாரித்தார். முழுப்படைப்பும் ஏறத்தாழ 33 நிமிடங்கள் நீள்வது. இது நான்கு பகுதிகளை உடையது. அவற்றின் பெயர்களை ‘ஏற்றுரைத்தல்’, ‘உறுதிகொள்ளல்’, ‘தேடிச்செல்லல்’, ‘திருப்பாடல்’ எனத் தமிழில் வழங்கலாம். இறுதிப் பெயர் விவிலியத்தின் திருப்பாடல்களைக் குறிக்கும் ‘சாம்’ என்னும் சொல்லாகும்.

முதற்பகுதியில் பாஸ் கருவி நான்கு சுரங்களாலான ஒரு சிறு தொடரை மீள மீள இசைக்கிறது. நம் சுரப்பெயர்களால் கூறின், அது சட்ஜம், சாதாரண காந்தாரம், சட்ஜம், சுத்த மத்தியமம் என்னும் வரிசையாகும். கோல்ட்ரேன் இத்தொடரைச் சாக்சபோனில் எடுத்து, பன்னிரண்டு சுருதிநிலைகளுக்கும் மாற்றி மாற்றி வாசிக்கிறார். அதன் பின்னரே மனிதக்குரல் ஒலிக்கிறது. இசைத்தட்டின் பெயரான மூன்று சொற்கள் அதே நான்கு சுரங்களில் ஓதப்படுகின்றன. கேட்போர் அதுவரை சுரத்தொடராகக் கேட்டதை அப்போது சொற்றொடராக அறிகின்றனர். கருவி முன்பே சொல்லிக்கொண்டிருந்ததைக் குரல் வெளிப்படுத்துகிறது என்பதே இவ்விடத்தின் நுட்பம். நான்காம் பகுதியைக் கேட்பதற்கான திறவுகோலும் இதுவேயாகும்.

இரண்டாம் பகுதி எட்டு அளவுகள் கொண்ட கருத்தொடரை மையமாகக் கொண்டது. மூன்றாம் பகுதி டிரம்ஸ் தனியிசையில் தொடங்கிப் பன்னிரண்டு அளவுகள் கொண்ட புளூஸ் வடிவில் விரைகிறது. அதன் முடிவில் காரிசனின் நீண்ட பாஸ் தனியிசை விரைவைத் தணித்து நான்காம் பகுதிக்கு வழிவிடுகிறது. நான்காம் பகுதியில் நிலையான தாளம் இல்லை. எல்வின் ஜோன்ஸ் பஞ்சுமுனைக் கோல்களால் முழக்கம் எழுப்ப, அதன்மேல் சாக்சபோன் நிறுத்தி நிறுத்தி, பேச்சின் நடையில் செல்கிறது.

எதிர்ப்பிலிருந்து பாராட்டுக்கு

இவ்விசைத்தட்டுக்குக் கிடைத்த வரவேற்பை அறிய, அதற்கு முந்தைய எதிர்ப்பை அறிதல் வேண்டும். 1961 நவம்பரில் ‘டவுன் பீட்’ இதழில் ஜான் டைனன் என்னும் விமரிசகர், எரிக் டால்ஃபியுடன் கோல்ட்ரேன் இணைந்து இசைத்ததை ‘ஜாஸுக்கு எதிரானது’ என்னும் பொருள்படச் சாடினார். நீண்ட தனியிசைகளும் வழக்கமான ஒத்திசைவை மீறிய சுரக்கோவைகளும் ஜாஸின் உயிரான தாள ஊஞ்சலை அழிக்கின்றன என்பது அத்தரப்பின் வாதம். 1962 ஏப்ரலில் அதே இதழ் கோல்ட்ரேனும் டால்ஃபியும் விமரிசகர்களுக்குக் கூறிய மறுமொழியை வெளியிட்டது. அதனை எழுதியவர் இதழாசிரியர் டான் டிமைக்கேல்.

அடுத்த ஈராண்டுகளில் மென்மையான பாடல்மெட்டுகளைக் கொண்ட தட்டும், டியூக் எலிங்டனுடன் இணைந்த தட்டும், பாடகர் ஜானி ஹார்ட்மனுடன் இணைந்த தட்டும் வெளிவந்தன. இவற்றால் கோல்ட்ரேன் மீதான ஐயம் ஒருவாறு தணிந்தது. 1965இல் ‘எ லவ் சுப்ரீம்’ வெளிவந்தபோது அதற்கு ‘டவுன் பீட்’ இதழில் ஐந்து விண்மீன்கள் வழங்கி மதிப்புரை எழுதியவரும் டிமைக்கேலே. அவ்வாண்டு அவ்விதழின் வாசகர் வாக்கெடுப்பில் ஆண்டின் ஜாஸ் கலைஞராகவும், டெனார் சாக்சபோன் கலைஞருள் முதல்வராகவும் கோல்ட்ரேன் தேர்வு பெற்றார். ‘எ லவ் சுப்ரீம்’ ஆண்டின் இசைத்தட்டாயிற்று. இதழின் புகழ்மன்றத்திலும் அவர் சேர்க்கப்பட்டார்.

நான்கே ஆண்டுகளில் நிகழ்ந்த இம்மாற்றம் நோக்கத்தக்கது. கோல்ட்ரேன் தம் இசைப்போக்கைக் கைவிட்டதனால் இது நிகழவில்லை. சுருதிநிலைகளினூடே தடையின்றி அலைவதும், ஒரே சுரத்தொடரை விடாது துருவி ஆராய்வதும் இவ்விசைத்தட்டிலும் உள்ளன. முன்னர்க் குறையாகக் கூறப்பட்டவை இப்போது தேடலின் அடையாளங்களாயின. இம்மாற்றத்தில் உறைக்குறிப்புக்குப் பங்குண்டு எனக் கருத இடமுண்டு. 1957ஆம் ஆண்டில் இறையருளால் தமக்கு ஓர் ஆன்மிக விழிப்பு ஏற்பட்டது எனவும், இப்படைப்பு இறைவனுக்குத் தாம் செலுத்தும் எளிய காணிக்கை எனவும் கோல்ட்ரேன் உறையில் எழுதியிருந்தார். போதைப்பழக்கத்தால் மைல்ஸ் டேவிஸின் குழுவிலிருந்து நீக்கப்பட்டு, பின்னர் அப்பழக்கத்திலிருந்து மீண்ட ஆண்டு அது. இக்குறிப்பு இசையின் உக்கிரத்துக்கு ஒரு காரணத்தை வழங்கியது. முன்பு பொருளற்ற கூச்சலாகக் கேட்கப்பட்டது இப்போது வேண்டுதலாகக் கேட்கப்பட்டது.

எனவே உறைப்பனுவல் தொடக்கத்திலேயே வாசிக்கப்பட்டது எனலாம். ஆனால் அது வாழ்க்கை வரலாற்றுச் சான்றாகவே வாசிக்கப்பட்டது. கடிதத்தின் கீழிருந்த கவிதை ஓர் எளிய பக்தரின் நன்றியுரையாகக் கொள்ளப்பட்டது. இசைக்குரிய சாகித்தியமாகக் கொள்ளப்படவில்லை.

ஏற்காதோரும் இருந்தனர். இங்கிலாந்தில் ‘டெய்லி டெலிகிராஃப்’ நாளிதழுக்கு ஜாஸ் மதிப்புரைகள் எழுதிவந்த கவிஞர் பிலிப் லார்கின் கோல்ட்ரேனின் இசையைத் தொடர்ந்து வெறுத்தார். 1970இல் அம்மதிப்புரைகளைத் தொகுத்தபோது எழுதிய முன்னுரையில் சார்லி பார்க்கர், எஸ்ரா பவுண்ட், பிக்காசோ ஆகிய மூவரையும் நவீனத்துவத்தின் சின்னங்களாக இணைத்துச் சாடினார். கலை கேட்போருக்கு இன்பம் தரவேண்டும். நவீனத்துவமோ அவரைத் துன்புறுத்துகிறது என்பது அவர் நிலைப்பாடு. இந்நிலைப்பாட்டில் ஒரு நேர்மை உண்டு. கோல்ட்ரேனின் ஆன்மிக நோக்கம் நல்லது என்பதற்காக அவருடைய இசையை நல்லதெனக் கூற லார்கின் முன்வரவில்லை. பாராட்டியோர் பலர் இப்பிரிவினையைச் செய்யத் தவறினர்.

அரசியல் வாசிப்பு

இசைத்தட்டு வெளிவந்த காலம் அமெரிக்கக் கறுப்பின மக்களின் குடியுரிமைப் போராட்டம் உச்சம் பெற்றிருந்த காலமாகும். 1965 பிப்ரவரி 21 அன்று மால்கம் எக்ஸ் கொல்லப்பட்டார். இச்சூழலில் கோல்ட்ரேனின் இசையைக் கறுப்பினத் தேசியத்தின் குரலாகக் கொள்ளும் வாசிப்பு எழுந்தது. ஃபிராங்க் கோஃப்ஸ்கி 1970இல் வெளியிட்ட நூல் இதற்குச் சான்றாகும். அவர் 1966இல் கோல்ட்ரேனை நேரில் கண்டு உரையாடினார். மால்கம் எக்ஸின் உரையொன்றைக் கேட்டதாகவும் அவரால் கவரப்பட்டதாகவும் கோல்ட்ரேன் கூறினார். எனினும் தம் இசையை ஓர் அரசியல் முழக்கமாகச் சுருக்க அவர் இணங்கவில்லை.

இதன் விளைவாக ஏற்பு வரலாற்றில் ஒரு பிளவு தோன்றியது. ஒரு தரப்பினர் கோல்ட்ரேனின் மறுமொழியைக் காட்டி, அவரது இசை அரசியலைக் கடந்த ஆன்மிகம் என்றனர். மறு தரப்பினர் அம்மறுமொழியை ஒரு கலைஞனின் தன்னடக்கமாகக் கொண்டு, இசையின் உக்கிரத்தையே சான்றாகக் காட்டினர். இவ்விரு தரப்பும் ஆன்மிகமும் அரசியலும் ஒன்றையொன்று விலக்குவன என்னும் ஒரே முற்கோளின்மீது நின்றன. அம்முற்கோள் கறுப்பினத் திருச்சபையின் வரலாற்றுக்குப் பொருந்தாது. கோல்ட்ரேனின் தாய்வழித் தாத்தாவும் தந்தைவழித் தாத்தாவும் ஆப்பிரிக்க மெதடிஸ்ட் எபிஸ்கோபல் சீயோன் திருச்சபையின் போதகர்கள். அடிமைமுறை எதிர்ப்பிலும் குடியுரிமைப் போராட்டத்திலும் பங்கேற்ற திருச்சபை அது. அம்மரபில் மன்றாட்டும் எதிர்ப்பும் ஒரே குரலில் எழுவன.

கவிதையும் நான்காம் பகுதியும்

1985இல் அமெரிக்க இசையியல் கழகத்தின் ஆய்விதழில் லூயிஸ் போர்ட்டர் வெளியிட்ட கட்டுரை இப்படைப்பின் ஆய்வில் ஒரு திருப்பமாகும். நான்காம் பகுதியின் சாக்சபோன் இசையைச் சுரக்குறிப்பாக எழுதி, அதன்கீழ் உறையிலுள்ள கவிதையை அவர் பொருத்திக் காட்டினார். மிகச் சில விலகல்கள் நீங்கலாக, கவிதையின் ஒவ்வோர் அசைக்கும் ஒரு சுரம் நின்றது. கவிதையில் இறைவனுக்கு நன்றி கூறும் தொடர் மீள மீள வருகிறது. அது வருமிடங்களில் இசையும் ஆதார சுரத்தை நோக்கித் தாழ்ந்து அமைகிறது. பிற அடிகள் பெரும்பாலும் ஒரு நிலைத்த சுரத்தில் ஓதப்படுகின்றன. ஒரு சுரத்தில் நின்று ஓதி, அடியின் முடிவில் தாழும் இம்முறை கறுப்பினப் போதகர்கள் மறையுரையின் உச்சத்தில் இசைபோல ஓதும் முறையை ஒத்தது.

நான்காம் பகுதி கவிதையின் இசைவழி எடுத்துரைப்பு என உறைக்குறிப்பில் கோல்ட்ரேனே எழுதியிருந்தார் என்பது இங்குக் கருதத்தக்கது. அதாவது சான்று மறைந்திருக்கவில்லை. இசைத்தட்டை வாங்கிய ஒவ்வொருவர் கையிலும் இருந்தது. அவ்வாறாயின் இருபது ஆண்டுக் காலத் தாழ்வு எதனால் நேர்ந்தது? விமரிசனம் பழகியிருந்த பகுப்புமுறையே காரணம் எனத் தோன்றுகிறது. ஜாஸ் விமரிசனத்தில் மனோதர்மம் என்பது சொல்லற்ற, அந்தந்தக் கணத்தில் பிறக்கும் வெளிப்பாடு எனக் கருதப்பட்டது. அக்கருத்தைப் பாராட்டாகக் கொண்டோரும் குறையாகக் கொண்டோரும் கருவியின் ஓசைக்குப் பின் ஒரு பனுவல் இருக்கக்கூடும் என எண்ணவில்லை. கறுப்பினக் கலைஞன் உணர்ச்சியை வெளியிடுவான். பனுவலை இயற்றமாட்டான் என்னும் பழைய நோக்கின் எச்சமும் இதில் கலந்திருந்தது எனலாம்.

போர்ட்டரின் பங்களிப்பு பெரிது. எனினும் அதன் தலைப்பு மனோதர்மத்தை ‘இயற்றப்பட்ட படைப்பு’ எனக் காணுமாறு வற்புறுத்துகிறது. நான்கு சுரத்தொடர் நான்கு பகுதிகளிலும் கருவாக நிற்பதை அவர் எடுத்துக்காட்டினார். இவ்வாதம் ஜாஸுக்கு இசையியல் துறையில் மதிப்பைத் தேடித் தந்தது. ஆனால் மேலை மரபிசையின் ஒருமைப்பாடு என்னும் அளவுகோலால் அளந்தே அம்மதிப்பு பெறப்பட்டது. டோனி வைட்டன் 2013இல் வெளியிட்ட நூல், இயற்றலையும் மனோதர்மத்தையும் எதிரெதிராக நிறுத்தும் இவ்விருமையையே வினாவுக்கு உட்படுத்துகிறது. நான்காம் பகுதி இவ்விருமைக்குள் அடங்காது. சொற்கள் முன்னரே எழுதப்பட்டவை. அவற்றின் உயரமும் நீளமும் அழுத்தமும் ஊதும் கணத்தில் முடிவு செய்யப்பட்டவை. மறையுரையாளர் எழுதிய பனுவலை ஏந்திக்கொண்டு அதனைக் கூட்டத்தின்முன் ஓதுவதற்கு ஒப்பான நிலை இது.

கையெழுத்துப்படி தரும் சான்று

கோல்ட்ரேன் இப்படைப்புக்காக எழுதிய கையெழுத்துக் குறிப்பு வாஷிங்டனிலுள்ள ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகத்தில் உள்ளது. அதில் நால்வருக்கும் மேற்பட்ட ஒரு குழுவுக்கான கருவிகள் திட்டமிடப்பட்டுள்ளன. ஊதுகருவி ஒரு வேண்டுதலை இசையில் ஓதும் என்னும் குறிப்பும் உள்ளது. இது போர்ட்டரின் முடிவை உறுதி செய்கிறது.

அக்கையெழுத்தில் மற்றொரு குறிப்பும் உண்டு. முடிவிலுள்ள ஒத்திசைவு ‘அலபாமா’வின் இறுதி ஒத்திசைவைப் போல் ஒலிக்க வேண்டும் என கோல்ட்ரேன் எழுதியுள்ளார். ‘அலபாமா’ 1963 நவம்பரில் அவர் பதிவு செய்த படைப்பு. அவ்வாண்டு செப்டம்பர் 15 அன்று அலபாமா மாநிலத்தின் பர்மிங்காம் நகரில் கறுப்பினத் திருச்சபையொன்றில் வெள்ளை நிறவெறியர் வைத்த குண்டு வெடித்து நான்கு சிறுமியர் கொல்லப்பட்டதை ஒட்டி எழுந்த இரங்கலிசை அது.

இக்குறிப்பின் பொருளை மிகைப்படுத்துதல் கூடாது. இது ஓர் ஒலிநிறத்தைப் பற்றிய தொழில்நுட்பக் குறிப்பாகவும் இருக்கலாம். எனினும் இறைவனுக்கு நன்றி கூறி முடியும் வேண்டுதலின் இறுதி ஒலியை எண்ணியபோது, கொலையுண்ட சிறுமியருக்கான இரங்கலின் இறுதி ஒலி அவர் நினைவுக்கு வந்தது என்பது உறுதி. ஆன்மிகமா, அரசியலா என்னும் வினாவை இக்குறிப்பு செயலிழக்கச் செய்கிறது. உறையில் துயரம் பற்றிய வெளிப்படையான அரசியற்பேச்சு இல்லை. அத்துயரம் இசையின் முடிவில் ஒலியாக இடம்பெறத் திட்டமிடப்பட்டது.

இங்கு ஓர் எச்சரிக்கையும் தேவை. ‘அலபாமா’வின் மெட்டு மார்ட்டின் லூதர் கிங்கின் இரங்கலுரையின் நடையைத் தழுவியது என்னும் கருத்து பரவலாக வழங்குகிறது. ஆயினும் கோல்ட்ரேனே அச்சிட்டு வழங்கிய பனுவல் எதுவும் அதற்கு இல்லை. ‘திருப்பாடல்’ பகுதிக்கு அசையளவில் சான்று உண்டு. இரண்டையும் ஒரே உறுதியுடன் கூறுதல் ஆய்வுநெறிக்கு ஒவ்வாது. ஒன்று நிறுவப்பட்டதாலேயே மற்றதும் நிறுவப்பட்டதாகாது.

முற்றுப்பெற்ற படைப்பு என்னும் கருத்து

1965 ஜூன் மாதத்தில் வேறு பத்துக் கலைஞர்களுடன் கோல்ட்ரேன் ‘அசென்ஷன்’ இசைத்தட்டைப் பதிவு செய்தார். அதன் கட்டற்ற கூட்டிசை ‘எ லவ் சுப்ரீம்’ கேட்டு மகிழ்ந்தோர் பலரைத் திகைக்கச் செய்தது. மெக்காய் டைனரும் எல்வின் ஜோன்ஸும் சில மாதங்களில் குழுவை விட்டு விலகினர். 1967 ஜூலை 17 அன்று தமது நாற்பதாம் வயதில் கோல்ட்ரேன் மறைந்தார். அதன்பின் ‘எ லவ் சுப்ரீம்’ அவரது இசைவாழ்வின் சிகரமாகவும், பிற்காலப் படைப்புகள் அச்சிகரத்திலிருந்து இறங்கியவையாகவும் கருதும் போக்கு வலுப்பெற்றது.

பிற்காலத்தில் வெளிவந்த ஒலிப்பதிவுகள் இக்கருத்தைத் தளரச் செய்கின்றன. 1964 டிசம்பர் 10 அன்றே ஆர்ச்சி ஷெப், ஆர்ட் டேவிஸ் ஆகிய இருவரையும் சேர்த்து முதற்பகுதியை கோல்ட்ரேன் மீண்டும் பதிவு செய்தார். 1965 அக்டோபர் 2 அன்று சியாட்டில் நகரில் ஃபரோ சாண்டர்ஸ் முதலியோருடன் இப்படைப்பை முழுமையாக நிகழ்த்தினார். 2021இல் வெளியிடப்பட்ட அப்பதிவு ஒரு மணி நேரத்துக்கும் மேல் நீள்கிறது. 33 நிமிடத் தட்டின் அமைதியும் கட்டுக்கோப்பும் அதில் இல்லை. கோல்ட்ரேனைப் பொறுத்தவரை இது மூடி முத்திரையிடப்பட்ட படைப்பன்று. மீண்டும் மீண்டும் ஓதத்தக்க ஒரு வேண்டுதல். சான்பிரான்சிஸ்கோவில் அவரைப் புனிதராகப் போற்றும் திருச்சபையொன்று இவ்விசையைத் தன் வழிபாட்டில் பயன்படுத்துகிறது. விமரிசகர்கள் தட்டை முற்றுப்பெற்ற பொருளாக நோக்கிய காலத்தில், அச்சபையினர் அதனை ஓதுவதற்குரியதாகக் கொண்டனர். இப்படைப்பின் இயல்பை அவர்கள் தம் வழியில் சரியாகவே உணர்ந்தனர் எனலாம்.

முடிவுரை

‘எ லவ் சுப்ரீம்’ பெற்ற ஏற்பு வரலாற்றிலிருந்து மூன்று முடிவுகளைப் பெற முடிகிறது. முதலாவதாக, 1961க்கும் 1965க்கும் இடையே விமரிசகர் நிலைப்பாட்டில் ஏற்பட்ட மாற்றத்தை இசையின் மாற்றம் மட்டும் விளக்காது. உறைப்பனுவல் வழங்கிய பொருளும் அதில் பங்கேற்றது. இரண்டாவதாக, அப்பனுவல் வாழ்க்கைக் குறிப்பாக வாசிக்கப்பட்டதேயன்றி இசையின் உறுப்பாக வாசிக்கப்படவில்லை. அவ்வாறு வாசித்திருப்பின் கோல்ட்ரேனின் இசை கட்டற்றது என்னும் குற்றச்சாட்டும், அது கட்டற்றது என்னும் பாராட்டும் ஒருங்கே தளர்ந்திருக்கும். மூன்றாவதாக, கையெழுத்துப்படியில் காணும் ‘அலபாமா’ குறிப்பு, ஆன்மிக வாசிப்பும் அரசியல் வாசிப்பும் ஒன்றையொன்று மறுக்கத் தேவையில்லை என்பதைப் புலப்படுத்துகிறது.

இம்முடிவுகளுக்கு நிகழ்காலப் பயன் ஒன்றுண்டு. இன்று இவ்விசை பெரும்பாலும் இணையவழி ஒலியோடைகளில் கேட்கப்படுகிறது. அங்கு உறையின் முகப்புப்படம் மட்டும் சிறிதாகத் தெரிகிறது. கடிதமும் கவிதையும் கேட்போரைச் சென்றடைவதில்லை. 1965இன் கேட்போர் கையிலிருந்ததைப் படிக்கத் தவறினர். இன்றைய கேட்போரிடமிருந்து அது விலக்கப்பட்டேயிருக்கிறது. இசைப்படைப்புகளை எண்மமாக்கும் ஆவணக்காப்பகங்களும் இசையைக் கற்பிக்கும் துறைகளும் ஒலியுடன் உறைப்பனுவலையும் சேர்த்துப் பேணுதல் வேண்டும். நான்காம் பகுதியைக் கவிதையைக் கையில் வைத்துக்கொண்டு ஒருமுறை கேட்டவர், அதன்பின் அதனைச் சொல்லற்ற இசையாகக் கேட்க இயலாது.